அல்மா-ஆட்டா அறிக்கையும் காரைக்கால் குடிநீரும்

பொதுச் சுகாதாரத்தைக் குறித்து இந்நாளில் வெளிவரும் ஏடுகளில் 'நிலையற்ற உலகம்' என்னும் தொடர் மிகுதியாக வழங்குகின்றது. கொள்ளைநோயும் புயலும் வெள்ளமும் போரும் எப்போது எங்கே வருமென்று எவரும் முன்னறிய இயலாத காலத்தில் நாம் வாழ்கிறோம். ஆகவே சுகாதாரத் திட்டங்களும் அதற்கேற்ப மாற்றியமைக்கப்பட வேண்டும் என்பது அவ்வேடுகளின் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும், அதில் உண்மை எவ்வளவு, அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்ளும் சாக்குப்போக்கு எவ்வளவு என்று பிரித்தறிவது திறனாய்வின் கடமையாகும்.

இக்கட்டுரை இக்கடமையை ஓர் ஆவணத்தைக் கொண்டும் ஓர் இடத்தைக் கொண்டும் செய்ய முயல்கிறது. ஆவணம், 1978 செப்டம்பர் 6 முதல் 12 வரை அன்றைய சோவியத் நாட்டின் அல்மா-ஆட்டா நகரில் கூடிய பன்னாட்டு மாநாடு வெளியிட்ட அறிக்கை. இடம், காவிரியின் கடைமடையில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் உள்ள போலகமும் அதைச் சூழ்ந்த காரைக்கால் மாவட்டமும். பன்னாட்டு அறிக்கை ஒன்றை அது எழுதப்பட்ட மண்டபத்தில் நின்று வாசிப்பது ஒன்று; கடைமடையில் நின்று வாசிப்பது வேறொன்று. அறிக்கையின் வன்மையும் மென்மையும் இரண்டாம் வாசிப்பிலேயே வெளிப்படுகின்றன.

1. அறிக்கையும் திருச்சபையும்

அல்மா-ஆட்டா அறிக்கை நமக்கு அயலான ஆவணம் அன்று. 1964ஆம் ஆண்டு ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் மருத்துவ ஊழியத்தைப் பற்றி நடைபெற்ற ஆலோசனைக் கூட்டம், திருச்சபையின் குணமாக்கும் பணி மருத்துவமனைச் சுவர்களுக்குள் அடங்கிவிட்டதா என்னும் வினாவை எழுப்பிற்று. அவ்வினாவின் தொடர்ச்சியாக 1968இல் உலகத் திருச்சபை மன்றத்தின் கீழ்க் கிறிஸ்தவ மருத்துவ ஆணையம் தோன்றியது. 1970இல் மராட்டிய மாநிலத்து ஜாம்கேட் என்னும் வறண்ட வட்டாரத்தில் ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே என்னும் மருத்துவத் தம்பதியர், எழுத்தறியாத கிராமத்துப் பெண்களைச் சுகாதார ஊழியராகப் பயிற்றுவித்தனர். இவ்விருவரும் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராக விளங்கிய ஹால்ப்டன் மாலருக்கும் கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்துக்கும் 1974 முதல் நெருங்கிய உரையாடல் நிகழ்ந்தது. 1975இல் அந்நிறுவனம் வெளியிட்ட நூலொன்றில் ஜாம்கேட் அனுபவமும் இடம்பெற்றது. மூன்றாண்டுகளுக்குப் பின் 134 நாடுகள் கூடி ஏற்ற அறிக்கையில் இவ்வனுபவங்களின் சாயலைக் காணலாம்.

இவ்வரலாற்றை நம் இறையியல் வகுப்புகளில் பெருமையோடு நினைவுகூருகிறோம். பெருமை தவறன்று. ஆனால் நம்முடையது என்று நாம் கொண்டாடும் ஆவணத்தையே கூர்ந்து சோதிக்கும் பொறுப்பும் நமக்கு மிகுதி.

2. அறிக்கை கண்டதும் காணாததும்

அறிக்கை பத்துப் பிரிவுகள் கொண்டது. உடல்நலம் மனிதனின் அடிப்படை உரிமை என்று அது தொடங்குகிறது. நாடுகளுக்கிடையிலும் நாட்டுக்குள்ளும் நிலவும் ஏற்றத்தாழ்வு ஏற்கத்தகாதது என்கிறது. தங்கள் நலத்தைத் திட்டமிடுவதில் பங்குகொள்வது மக்களுக்கு உரிமையும் கடமையும் ஆகும் என்கிறது. மக்களின் நலத்துக்கு அரசுகளே பொறுப்பு என்று ஐந்தாம் பிரிவில் ஐயத்துக்கிடமின்றி வரையறுக்கிறது. ஏழாம் பிரிவில் ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பின் எட்டு உறுப்புகளை எண்ணுகிறது. அவற்றுள் சுகாதாரக் கல்வியும் உணவும் முதலில் வருகின்றன. அடுத்துப் பாதுகாப்பான நீரும் துப்புரவும் வருகின்றன. தடுப்பூசியும் மருந்தும் இவற்றுக்குப் பின்னரே எண்ணப்படுகின்றன. நலம் என்பது மருத்துவத் துறை மட்டும் தரக்கூடியதன்று. வேளாண்மை, கல்வி, வீட்டு வசதி, பொதுப்பணி ஆகிய துறைகளும் சேர்ந்து தருவதே அது என்பது இவ்வரிசையின் உட்பொருள். அறிக்கையின் முதன்மையான வன்மை இதுவே.

மென்மை யாது? அறிக்கை அறிந்த உலகம் ஏழ்மை நிறைந்தது, ஆனால் நிலையானது. ஊர் இருந்த இடத்தில் இருக்கும்; கடல் கரைக்குள் நிற்கும்; நோய்கள் அந்தந்த வட்டாரத்துக்குரியவையாக, பெயர் தெரிந்தவையாக இருக்கும்; திட்டம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக முன்னேறும்; 2000ஆம் ஆண்டில் அனைவருக்கும் நலம் கிட்டும். இவ்வெதிர்பார்ப்பின்மீதே அதன் கட்டடம் எழுந்தது. பேரிடர்க்கு அதில் தனியிடம் இல்லை. புதிய நோய்க்கும் இடமில்லை. உலக அமைதி நிலவுமென்றும், படைக்கலங்களுக்குச் செலவாகும் பணத்தின் ஒரு பகுதி நலப்பணிக்குத் திரும்புமென்றும் பத்தாம் பிரிவு நம்பிற்று. அந்நம்பிக்கை நெடுநாள் நிற்கவில்லை. 1979ஆம் ஆண்டிலேயே எட்டு உறுப்புகளையும் ஒருசேர நிறைவேற்ற இயலாது, செலவு குறைந்த சிலவற்றைத் தெரிந்தெடுத்துச் செய்வோம் என்னும் மாற்றுக் கருத்து எழுந்துவிட்டது. எண்பதுகளின் கடன் நெருக்கடியில் பல ஏழை நாடுகளின் அரசுகள் நலச் செலவைக் குறைத்தன.

நோய்களும் அறிக்கை எதிர்பார்த்தபடி அடங்கியிருக்கவில்லை. வாந்திபேதியே சான்று. 1961இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலிருந்து புறப்பட்ட எல்-டோர் வகைக் காலரா 1964இல் இந்தியாவை அடைந்தது. அதை அறிந்துகொண்டோம் என்று எண்ணியிருந்தபோது, 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னையிலும் பின் வங்கக் கரையோரங்களிலும் 139ஆம் வகை என்னும் புதிய கிருமி தோன்றி, பழைய வகையால் எதிர்ப்புப் பெற்றிருந்தோரையும் தாக்கிற்று. ஆகவே, உலகம் நிலையற்றது என்போர் கூறுவது வெற்றுரை அன்று.

3. காரைக்கால் தரும் இரண்டு சான்றுகள்

இனி இடத்துக்கு வருவோம். காரைக்கால் மாவட்டம் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர்ப் பரப்புடையது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய இரண்டு லட்சம் மக்கள் வாழ்வது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், மூன்று புறம் தமிழ்நாட்டு மாவட்டங்களும் ஒரு புறம் கடலுமாகச் சூழப்பட்டு, நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள புதுச்சேரியிலிருந்து ஆளப்படுகிறது. அரசலாறும் திருமலைராசன் ஆறும் இவ்வெல்லைகளைக் கேட்டு ஓடுவதில்லை. போலகத்து மனிதர் தெற்கே நாகூருக்குச் செல்லும்போது மாநில எல்லையைக் கடக்கிறார். அவர் குடித்த நீரும் அவரோடு செல்கிறது. நோய்க்கு ஒரே நிலம். கண்காணிப்புக்கு இரண்டு ஆட்சி. இது எந்தப் பன்னாட்டு அறிக்கையிலும் இடம்பெறாத நிலையின்மை.

இம்மாவட்டம் தரும் முதற்சான்று 2004 டிசம்பர் 26. அன்று காலை ஆழிப்பேரலை காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவக் குப்பங்களைத் தாக்கிற்று. மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அடுத்து கொள்ளைநோய் வரும் என்று உலகமெங்கும் அஞ்சினர். அலையால் இறந்தோர் தொகைக்கு ஒப்பான தொகையினர் நோயாலும் இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர் எச்சரித்தார். ஆனால் சோழமண்டலக் கரையில் அத்தகைய கொள்ளைநோய் பரவவில்லை. லாரிகளில் குடிநீர் வந்தது. நீரில் குளோரின் கலக்கப்பட்டது. முகாம்களில் கழிப்பிடங்கள் எழுந்தன. குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்டது. அரசு ஊழியரும், தொண்டு நிறுவனங்களும், கோவில், பள்ளிவாசல், தேவாலயம் சார்ந்தோரும் ஒன்றாக உழைத்தனர். எவரும் முன்னறியாத பேரிடரின் பின்விளைவை மனிதர் தடுத்து நிறுத்தினர்.

இரண்டாம் சான்று 2022 ஜூலை. அப்போது புயல் இல்லை; பேரலை இல்லை; போர் இல்லை. ஆயினும் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். சிலரது மாதிரிகளில் காலராக் கிருமி இருப்பது உறுதியாயிற்று. அம்மாதத் தொடக்கத்தில் புதுச்சேரி அரசு காரைக்காலில் பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் சில நாட்கள் மூடப்பட்டன. குடிநீர்க் குழாயின் கசிவும் அதனுள் புகுந்த கழிவுநீருமே காரணமாகப் பேசப்பட்டன.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குக. பெரும் நிலையின்மையின் நடுவே நீர் காக்கப்பட்டது. நிலையான நாட்களில் நீர் கெட்டது. 'நிலையற்ற உலகம்' என்னும் விளக்கம் முதலாவதற்குப் பொருந்தும். இரண்டாவதற்குச் சிறிதும் பொருந்தாது. மண்ணுக்குள் புதைந்த குழாய் முதுமை எய்தும் என்பது முன்னறிய முடியாத செய்தியன்று. அது பதிக்கப்பட்ட ஆண்டு பதிவேட்டில் இருக்கும். அதன் ஆயுள் பொறியாளர் அறிந்தது.

ஆகவே நிலையின்மை என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. 1992இன் புதிய கிருமியைப் போல, என்ன வருமென்றே அறியாதது ஒன்று. வடகிழக்குப் பருவத்து வெள்ளத்தையும், 2018 நவம்பரில் வேதாரணியம் அருகே கரையேறிய கஜா போன்ற புயலையும் போல, வரும் என்று அறிந்தும் நாள் அறியாதது மற்றொன்று. பழுதடையும் குழாயைப் போல, வருவதும் ஏறத்தாழ எப்போது வரும் என்பதும் அறிந்திருந்தும் பாராதது மூன்றாவது. முதலாவதற்கு விழிப்பான கண்காணிப்பு வேண்டும். இரண்டாவதற்கு முன்கூட்டிய சேமிப்பும் பயிற்சியும் வேண்டும். மூன்றாவதற்கு வேண்டுவது பராமரிப்பு ஒன்றே. மூன்றாவதை முதலாவதன் பெயரால் அழைப்பது கருத்துக் குழப்பம் மட்டுமன்று. பொறுப்பிலிருந்து நழுவும் வழியுமாகும்.

4. 'காய்ச்சிக் குடியுங்கள்'

அவசர நிலை அறிவிப்பைக் குறித்து நியாயமாகப் பேச வேண்டும். காலரா என்ற பெயரையே வெளியிடாமல் 'கடும் வயிற்றுப்போக்கு' என்று மறைப்பது உலகின் பல அரசுகளுக்குப் பழக்கம். வணிகமும் சுற்றுலாவும் கெடும் என்னும் அச்சமே காரணம். அதற்கு மாறாக, நோயின் பெயரைச் சொல்லி வெளிப்படையாக அவசர நிலை அறிவித்தது பாராட்டத்தக்கது. மறைத்திருந்தால் மருத்துவமனைக்கு வருவோர் தாமதித்திருப்பர்.

ஆனால் இத்தகைய அறிவிப்புகள் மக்களுக்கு இடும் முதற்கட்டளையை நோக்குவோம். நீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்பதே அது. அறிவுரை சரியானது, கிருமி கொதிநீரில் மாளும். எனினும் இக்கட்டளை யார் தோளில் விழுகிறது? குடம் குடமாக நீரைக் காய்ச்ச எரிவாயு வேண்டும், நேரம் வேண்டும், ஆறவைத்து மூடிவைக்கப் பாத்திரம் வேண்டும். விடியலில் கூலிவேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இம்மூன்றும் அரியவை. குழாயைக் காக்க வேண்டிய பொறுப்பு அடுப்படிக்கு இடம் மாறுகிறது. பின்னர் நோய் வந்தால், அவள் காய்ச்சவில்லை என்று பழிசொல்லவும் வழி பிறக்கிறது.

குடும்பத்தின் கையில் ஒரு பொறுப்பைத் தருவது எப்போதும் தவறு என்று கூற வரவில்லை. 1971இல் வங்க எல்லையிலுள்ள பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது அளவிலிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கிற்று. சிரை வழியே செலுத்தும் நீர் தீர்ந்துபோன நெருக்கடியில் நிலையின்மைக்கேற்பத் திட்டத்தை மாற்றியதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம். ஆனால் அங்கே மருந்தைக் கலந்து பொட்டலமாக்கிக் கொடுத்தது மருத்துவக் குழு, புகட்டியது தாய். சுமை பகிரப்பட்டது. காய்ச்சிக் குடியுங்கள் என்பதோடு நின்றுவிடும் கட்டளையிலோ சுமை பகிரப்படுவதில்லை, மாற்றப்படுகிறது. பங்கேற்பு என்று அல்மா-ஆட்டா அறிக்கை கூறியது முதலாவதையேயன்றி இரண்டாவதை அன்று.

5. அளவைகளின் குறை

இங்கே வேறொரு குறையையும் சுட்ட வேண்டும். நடுவண் அரசு 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ், ஊரக வீடுகள் அனைத்துக்கும் குழாய் இணைப்பு வழங்கிய ஆட்சிப்பகுதிகளின் வரிசையில் புதுச்சேரி 2021இலேயே இடம்பெற்றது. இது பெரும் பணி. கிணற்றையும் குளத்தையும் நம்பி நின்ற கடைமடைப் பெண்களின் நடையை அது குறைத்தது. ஆயினும் மறு ஆண்டே அதே ஆட்சிப்பகுதியின் ஒரு மாவட்டத்தில் நீரால் பரவும் நோய்க்காக அவசர நிலை அறிவிக்க நேர்ந்தது. இணைப்பை எண்ணும் அளவை, இணைப்பின் வழியே வருவது யாது என்று எண்ணுவதில்லை. குழாய் முனையில் ஒரு லிட்டர் நீருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. வீட்டுக்கு வீடு இணைப்பை அறிவிப்பதுபோல, தெருவுக்குத் தெரு இவ்வளவையும் நாள்தோறும் அறிவிக்கப்படுமானால், நோயாளியின் வருகைக்கு முன்னரே நீரின் கேடு வெளிப்பட்டுவிடும்.

அல்மா-ஆட்டா நடந்து நாற்பது ஆண்டுகள் நிறைந்தபோது, 2018 அக்டோபரில் அதே கசாக்ஸ்தானின் அஸ்தானா நகரில் மற்றொரு மாநாடு கூடிற்று. அதன் அறிக்கை பழைய அறிக்கையின் குறையொன்றை நிறைத்தது: கொள்ளைநோய், இயற்கைப் பேரிடர், தட்பவெப்ப மாற்றம் ஆகியவற்றை அது பெயர்சொல்லிக் குறிப்பிட்டது. ஆனால் நாடுகளின் ஏற்றத்தாழ்வை நீக்கப் புதிய பொருளாதார ஒழுங்கு வேண்டும் என்னும் 1978இன் குரல் அதில் ஒலிக்கவில்லை. தனியார் துறை, கூட்டாளிகள், மீள்திறன் ஆகிய சொற்கள் அவ்விடத்தை நிரப்பின. முந்தைய அறிக்கை பொறுப்பைக் கண்டது, இடரைக் காணவில்லை. பிந்தையது இடரைக் கண்டது. பொறுப்பின் கூர்மையைச் சற்றே மழுக்கிவிட்டது. இரண்டையும் ஒருங்கே காணும் பார்வையே காரைக்காலுக்கு வேண்டுவது.

6. எரிகோவின் ஊற்று

இறையியல் மாணவர் இவ்விடத்தில் 2 இராஜாக்கள் 2:19-22 பகுதியை நினைப்பர். எரிகோ குடியிருக்க நல்ல ஊர். ஆனால் அதன் தண்ணீர் கெட்டது. ஊரார் எலிசாவிடம் முறையிடுகின்றனர். இப்பகுதியைச் சுகாதார நூலாக வாசிப்பது பிழை. உப்பால் கிருமி மாளும் என்று இதிலிருந்து பாடம் எடுப்போர் நூலின் நோக்கத்தை இழக்கின்றனர். எனினும் கதையின் நடையைக் கவனிக்க வேண்டும். ஊரார் தாமே குறையை எடுத்துரைக்கின்றனர். தீர்க்கதரிசி அவர்தம் பாவத்தையோ வீட்டு வழக்கத்தையோ விசாரிக்கவில்லை. வீடுவீடாகப் பானைகளைத் தேடிச் செல்லவும் இல்லை, ஊற்றண்டைக்குச் செல்கிறார். கேடு எங்கே பிறக்கிறதோ அங்கே செயல் நிகழ்கிறது.

லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியும் இத்தகையதே. வீட்டுச் சுவரில் தோஷம் கண்டால் வீட்டுக்காரன் வந்து ஆசாரியனுக்கு அறிவிக்க வேண்டும். ஆசாரியன் பார்க்கிறான், ஏழு நாள் வீட்டை அடைத்துவைக்கிறான், மீண்டும் வந்து பார்க்கிறான், பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து வேறு கற்களை வைக்கச் சொல்கிறான். உறுதி இல்லாதபோது அவசரப்படாமல், ஆனால் கண்ணை எடுக்காமல் காத்திருப்பதும், உறுதியானபின் கட்டடத்தின் கல்லையே மாற்றுவதும் இங்கே ஒரே ஒழுங்கின் இரு பகுதிகள். நிலையற்ற உலகுக்கேற்ற சுகாதாரத் திட்டம் யாதென்று கேட்போர்க்கு இவ்வொழுங்கு சிந்தனைக்குரியது. நம் காலத்துத் திட்டங்கள் காத்திருப்பதை அறியும். கல்லை மாற்றுவதை ஒத்திப்போடும்.

7. சபைகள் செய்யத்தக்கது

காரைக்கால் வட்டாரத்தில் நம் சபைகள் சிறியவை. பெரிய மருத்துவமனைகளை எழுப்பும் வலிமை அவற்றுக்கு இல்லை. இனி எழுப்ப வேண்டுவதும் இல்லை. அரசின் இடத்தை எடுத்துக்கொள்வதும் நம் பணியன்று. அறிக்கையின் ஐந்தாம் பிரிவைக் கைவிட்டால், ஏழைகள் முறையிடத்தக்க ஒரே கதவையும் நாமே அடைத்தவராவோம்.

ஆனால் எரிகோவின் ஊரார் செய்ததை நாம் செய்யலாம். குளோரின் அளவைக் காட்டும் சோதனைப் பெட்டி சிறிய செலவில் கிடைக்கிறது. பள்ளி மாணவரும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். சபை இளைஞர் கோவில் தெருவினரோடும் பள்ளிவாசல் தெருவினரோடும் சேர்ந்து, வாரந்தோறும் பத்துக் குழாய்களில் அளவெடுத்து, தேதியிட்ட குறிப்பேட்டில் எழுதி, கொம்யூன் அலுவலகத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் படியொன்று தரலாம். எல்லைக்கு அப்பாலுள்ள நாகூர்ப் பகுதிச் சபைகளும் அவ்வாறே செய்து குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டால், இரண்டு ஆட்சிகளுக்கிடையில் விடுபட்ட கண் திறக்கும். குறைகூறலுக்குக் காது கொடாத அலுவலகமும் தேதியும் எண்ணும் உள்ள குறிப்பேட்டை எளிதில் தள்ளிவிட இயலாது.

இதற்கு எதிராக ஒரு தடை கூறப்படலாம்: இது சமூக ஊழியம், அருளுரைப் பணி அன்று, போதகருக்கு இதற்கு நேரம் ஏது? டியூபிங்கனில் 1964இல் எழுந்த வினாவே இதற்கும் விடை. குணமாக்குதல் மருத்துவரின் தொழில் மட்டுமன்று, சபை முழுவதின் அழைப்பு என்று அங்கே கூடியோர் உணர்ந்தனர். அவ்வுணர்வை வேலூரும் ஜாம்கேடும் பெரிய அளவில் செயற்படுத்தின. சிறிய சபை சிறிய அளவில் செயற்படுத்துவது அவ்வழைப்புக்குக் குறைவானதன்று.

உலகம் நிலையற்றது என்பதை வேதம் அறிந்தோர்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. புல்லும் பூவும் போன்றது மனித வாழ்வு என்று நாம் அடக்க ஆராதனைதோறும் நினைவுகூருகிறோம். ஆயினும் பூ வாடுவதும் குழாய் கசிவதும் ஒன்றல்ல. முன்னதன் முன் நாம் தலைவணங்குகிறோம்; பின்னதன் முன் தலைவணங்குவது பக்தியாகாது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் எந்தத் தெருவில் எந்தக் குழாய் மாற்றப்பட வேண்டும் என்று கேட்பதே கடைமடையில் வாழும் சபைக்கு இப்போது உரிய வினாவாகும்.